ஆறு கட்டை உதயகலா

நெல்லியடியில் இறங்கி "ஆறு கட்டை வீடு எது?" என்று கேட்டால் போதும், ஓட்டோக்காரர் விலாசம் கேட்கமாட்டார். கட்டை என்பது ஆர்மோனியத்தில் சுருதியின் உயரம். ஐந்து கட்டைக்கே மூச்சு வாங்குகிறவர்கள் நடுவில் உதயகலா ஆறில் நின்று பாடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. மேடையில் ராணியாக நிற்பவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

நாடகக் குடும்பம் அது. தகப்பன் அருளம்பலம் இசை நாடகங்களில் ராசா வேடம் கட்டியவர். உதயகலா ஒன்பது வயதில் ராசாவின் மகளாக மேடை ஏறினாள், பத்தொன்பதில் ராணியானாள், ஐம்பத்தெட்டிலும் ராணிதான். தம்பி குகதாசன் ஆர்மோனியம். இடம்பெயர்ந்த காலத்தில் பள்ளிக்கூட மேசைகளை அடுக்கி மேடையாக்கிப் பாடினாள். புருசனுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மாதமே பாடினாள். ஊர் என்ன சொல்லும் என்று கேட்டவர்களுக்கு, "ஊர் வந்து கேக்கட்டும்" என்றாள். ஊரும் வந்து கேட்டது.

ஒன்றுக்குத்தான் பயந்தாள். அருளம்பலத்தின் கடைசி மேடையில் அவர் குரல் உடைந்தது. சனம் கூ அடித்தது. அதன் பிறகு மனிசன் கிணற்றடியில்கூட வாய் திறந்து பாடவில்லை. அவருடைய நினைவு விழாவில் உதயகலா ஒலிவாங்கியைப் பிடித்துச் சத்தியம் பண்ணினாள்: "ஆறு கட்டையிலை பாட ஏலாத நாள், நான் மேடை ஏறமாட்டன்." சனம் கைதட்டியது. குகதாசன் ஆர்மோனியத்தை மூடிவிட்டு எழும்பிப் போனான்.

இந்த வருசத் திருவிழாவுக்கு இரண்டு நாள் முந்தி அவனுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை. பதிலுக்குச் சங்கீத ரீச்சர் கஜந்தினி ஒத்திகைக்கு வந்தாள்.

"எத்தினை கட்டை அக்கா?"

"ஆறு. உதைக் கேக்கவும் வேணுமே?"

மிருதங்கக்காரர் சந்தியோகு அண்ணை நெளிந்தார். "பிள்ளை, இண்டைக்கு ஐஞ்சிலை பிடிப்பமே?"

"ஏன் அண்ணை, நான் கிழவியாப் போனனோ?"

ராணி நாட்டைப் பிரிகிற பாட்டு. முதல் அடி போனது. மேலே ஏறவேண்டிய இடத்தில் குரல் கிழிந்தது. தண்ணீர் குடித்தாள், மறுபடி பிடித்தாள், மறுபடியும் கிழிந்தது. கஜந்தினி தலை குனிந்துகொண்டாள். சந்தியோகு அண்ணைதான் கடைசியில் உண்மையைக் கக்கினார். ஆறு வருசத்துக்கு முந்தி அவளுக்குக் காய்ச்சல் வந்து மூச்சு இளைத்த நாளிலிருந்து குகதாசன் சுருதியை இறக்கிவிட்டானாம். முதலில் அரைக் கட்டை, இரண்டு வருசம் விட்டு இன்னோர் அரை. சுருதிக்கு ஏற்றபடி மிருதங்கத்தையும் மாற்றவேண்டுமே, அதனால் அவருக்கும் தெரியும். "ஆருக்கும் சொல்லப்படாது எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவன், பிள்ளை."

உதயகலா வெளிக்கிட்டு, தம்பி இருக்கிற நீர்வேலிக்குப் பஸ் ஏறினாள். வழியெல்லாம் கோபம். கோபத்துக்கு அடியில் வேறொன்று: இனி மேடை இல்லை. சொன்ன சொல் சொன்னதுதான். அந்த நினைப்பில் அவள் கண் கலங்கியது, பக்கத்தில் இருந்தவர் பார்க்கிறார் என்றும் பாராமல்.

குகதாசன் கறுப்புக் கண்ணாடியோடு சாய்மனைக் கதிரையில் கிடந்தான்.

"என்னை ஏமாத்திப்போட்டாய், என்ன?"

"ஓம்." அவன் மறுக்கவே இல்லை. "சொல்லியிருந்தா நிப்பாட்டியிருப்பாய். சொன்ன சொல்லைக் காப்பாத்திற ஆள் நீ. அப்பாவும் அப்பிடித்தான். பாட்டை விட்டாப் பிறகு அவர் எத்தினை வருசம் இருந்தவர்? ரெண்டு."

அவள் அவனுடைய கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள்.

"நீ ஏற்கெனவே நாப்பத்தொரு மேடை ஏறிப்போட்டாய், அக்கா. உன்ரை சத்தியம் முறிஞ்சு ஆறு வருசம். ஒருத்தனாவது கூ அடிச்சவனே?"

உதயகலாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் ஒரே முந்தானையில் துடைத்தாள்.

திருவிழா அன்று பின்னேரம் கோயில் வீதி நிறையச் சனம். உதயகலா ராணி வேடத்தில் திரைக்கு முன்னால் வந்து நின்று, ஒலிவாங்கியில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "ரீச்சர், ஐஞ்சு கட்டை." முன்வரிசையில் யாரோ யாரையோ பார்த்தார்கள். அவள் பாடத் தொடங்கினாள். நாட்டைப் பிரிகிற பாட்டுக்கு வந்தபோது, பார்த்தவர்களே மூக்கை உறிஞ்சினார்கள்.

வேடம் கலைக்கமுதலே தம்பிக்குப் போன் எடுத்தாள்.

"கேட்டனான், அக்கா. சந்தியோகு அண்ணை போனை எடுத்து மிருதங்கத்துக்குப் பக்கத்திலை வைச்சவர்." கொஞ்சம் தயங்கினான். "வாற வருசம் நாலரைக்கு இறக்கவேண்டி வரும். இனி உன்னட்டைக் கேட்டுத்தான் செய்வன்."

"கேக்காதை," என்றாள் உதயகலா. "நீ பாத்துச் செய்."