அகத்தாவுக்கு வந்த வலிப்பு

மத்தியானம் ஆஸ்பத்திரிப் படி இறங்கினால், தோட்டத் தொழிலாளர் லயத்தின் கடைசி வீடு வந்து சேரும்வரை அகத்தா யாரோடும் பேசமாட்டாள். "என்னா அகத்தா, சாப்புட்டாச்சா?" என்றால் தலையாட்டல். "மழ வருமாலா?" என்றால் வானத்தை நோக்கி ஒரு விரல். வம்புக்கு இழுத்தாலும் புருவத்தை உயர்த்திவிட்டு நடையைக் கட்டுவாள். மற்ற நேரங்களில் அந்த வாய்க்குப் பூட்டே கிடையாது; காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணியையே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிறவள். அதனால் இந்தக் கொஞ்ச நேர மௌனத்துக்கு லயத்தில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். செபம் சொல்லிக்கொண்டு வருகிறாள் என்பது பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாளின் கட்சி. மற்றவர்கள் திமிர் என்றார்கள்.

வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திய பிறகுதான் அகத்தா வாயைத் திறப்பாள். கடைவாயிலிருந்து ஒரு வெற்றிலை மடிப்பு வெளியே வரும். மடிப்புக்குள் சின்ன வெள்ளை மாத்திரை. அதைச் சார்டின் மீன் துண்டுக்குள் செருகி, மேஜர் என்ற தன் நாயின் அடிநாக்கில் வைத்து, மோவாயை மூடிப் பிடித்துக்கொண்டு கழுத்தை நீவிவிடுவாள். "முழுங்கிட்டியா? ஆ காட்டு." மேஜர் காட்டும். அப்புறம்தான் அவளுக்கு மூச்சு சீராகும்.

கெடா மாநிலத்தில், பீடோங்கிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், எழுபதுகளில், இது நாள் தவறாமல் நடந்தது. மேஜர் வயதாகிச் செத்து, அதை வீட்டுக்குப் பின்னால் புதைத்த பிறகு, எண்பத்து நாலில்தான் அகத்தா இதை வெளியே சொன்னாள். கேட்டவர்கள் மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். பிச்சையம்மாள் மட்டும் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. ஒற்றைப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு தனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்ற கோபம்.

மேஜர் பெயருக்குத்தான் பட்டாளத்து ஆள். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அப்பா, அம்மா இருவரும் காலமாகி, அண்ணன் ஹெர்பர்ட்டும் கல்யாணமாகிக் கூலிமுக்குப் போய்விட்ட வீட்டில் அவளுக்குத் துணை அது ஒன்றுதான். விடியலில் அவள் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது கூடப் போகும். பாம்பு, பன்றி ஏதாவது நடமாடினால் குரல் கொடுக்கும். அதற்கு இரண்டு வயதிருக்கும்போது ஒருநாள் காட்டில் திடீரென்று சாய்ந்து, காலை உதைத்து, வாயில் நுரை தள்ளியது. பாம்புதான் தீண்டிவிட்டது என்று நினைத்து அகத்தா கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். கால் மணி நேரத்தில் எழுந்து, அவளையே அடையாளம் தெரியாமல் ஒரு மரத்தில் முட்டிக்கொண்டு, பிறகு வந்து காலை நக்கியது. அடுத்த மாதம் மறுபடி. அதற்கடுத்த மாதம் மூன்று தடவை.

அந்தக் காலத்துக் கெடாவில் வாயில் நுரை தள்ளும் நாய்க்கு ஒரே பெயர்தான்: வெறிநாய். சயாம் எல்லைப் பக்கமிருந்து வெறிநாய்க்கடி வந்துவிடும் என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. வளர்க்கிற நாய்க்கு ஊசி போட்டுக் கழுத்தில் தகடு மாட்டியாக வேண்டும். அவ்வப்போது லேண்ட்ரோவரில் துப்பாக்கிக்காரர்கள் வருவார்கள். தொண்டையில் மீன் முள் சிக்கி எச்சில் ஒழுகிய ஒரு நாயை அடுத்த தோட்டத்தில் கண்ட இடத்திலேயே சுட்டார்கள். மேஜருக்குத் தகடு இருந்தது. நுரையைப் பார்த்த பிறகு தகட்டை யார் பார்க்கிறார்கள்?

லயத்து ராமையாவுக்கும் இதே வலிப்புதான். ஆஸ்பத்திரியில் கொடுக்கிற வெள்ளை மாத்திரையில் அவர் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார். மனிதருக்குக் கேட்கிற மாத்திரை மேஜருக்குக் கேட்காதா என்று அகத்தா யோசித்தாள். நாய்க்கு என்று கேட்டால், ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் டிரெஸ்ஸர் கென்னத் கொடுக்கமாட்டார். கொடுக்காததோடு, நுரை தள்ளும் நாய் இருப்பதாக ஆபீசுக்கும் எழுதிவிடுவார். ஒருநாள் காலை போய் அவர் முன்னால் நின்றாள்.

"ஐயா, எனக்கு வலிப்பு வருது."

எழுதிக்கொண்டார். ஆனால் மாத்திரையைக் கையில் கொடுக்கவில்லை. தோட்டத்து ஆட்கள் மருந்தை வாங்கிக் கால்வாயில் வீசுவதை ஆயுசு முழுக்கப் பார்த்துச் சலித்தவர் அவர். "என் கண்ணு முன்னால முழுங்கணும். ஆ காட்டு" என்பது அவருடைய சட்டம். வெற்றிலை மடிப்பு பிறந்தது அப்படித்தான். மடிப்பு நழுவி மாத்திரை கொஞ்சம் கரைந்துவிட்டால் அன்று சாயங்காலம் அகத்தாவுக்கே கண் சொருகும். அடுப்பில் சோறு கரிந்த நாட்கள் உண்டு.

அவள் கணக்குப் போடாதது ஒன்று இருந்தது. வலிப்புக்காரியைக் கத்தியோடு தனியாகக் காட்டுக்குள் அனுப்பமுடியாது என்று டிரெஸ்ஸர் ஆபீசுக்கு எழுதினார். அகத்தாவைப் புல்லு வெட்டும் கும்பலில் போட்டார்கள். ஆற்றோரமாக அவள் பால் வெட்டிவந்த மர வரிசை, அவளுடைய நிரை, கைவிட்டுப் போனது. எந்த மரம் மழைக்குப் பிறகு தாராளமாகச் சுரக்கும், எது நாலு நாளைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று அவளுக்கு அத்துப்படி. புதிதாக வந்த சின்னையாவிடம் கத்தியைக் கொடுத்தபோது, "அண்ணே, மூணாவது மரம் கோவக்காரி. பட்டைய ஆழமா வெட்டிறாதீங்க" என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்கு வந்து நாயைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மாத்திரை கேட்டது. மாதம் மூன்று என்றிருந்தது, இரண்டு மாதத்துக்கு ஒன்று என்றானது. வருகிற நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை அவளே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். சுற்றியிருக்கும் சட்டி பானையை நகர்த்துவாள். தலைக்கு அடியில் பழைய கைலியைச் சுருட்டி வைப்பாள். வாய்க்குள் கை விடமாட்டாள். நகம் பலகையில் அடிக்கும் சத்தம் வெளியே கேட்காமலிருக்க, தொண்டை கிழிய மாதா பாட்டுப் பாடுவாள். மாரியம்மன் கோயிலுக்குக் காவடி எடுக்கிற பிச்சையம்மாள், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூடச் சேர்ந்து பாடுவாள். எல்லாம் ஓய்ந்து மேஜர் எழுந்து, தரையை நனைத்துவிட்ட வெட்கத்தில் மூலைக்குப் போய் நிற்கும். "வெக்கப்படாதலா. யாரும் பாக்கல" என்பாள் அகத்தா, துடைத்தபடி.

அவளுக்கு இருபத்தெட்டு வயதானபோது வால்டர் வந்தான். சுங்கைப் பட்டாணியில் டயர் ஒட்டும் கடையில் வேலை. புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாக் கூட்டத்தில் அவளைப் பார்த்திருக்கிறான். அதன் பிறகு, தோட்டத்து லோரிக்கு டயர் கொண்டு வருகிற சாக்கில் மூன்று தடவை வந்தான். மூன்று தடவையும் டயர் சரியில்லை என்று மறுபடி வந்தான். அதிகம் பேசமாட்டான், அவள் பேசுவதைக் கேட்டுச் சிரிப்பான். அகத்தாவுக்கு அவனைப் பிடித்திருந்தது. அவன் உட்கார்ந்த நாற்காலியை அவன் போன பிறகும் இடம் மாற்றாமல் வைத்திருக்கும் அளவுக்குப் பிடித்திருந்தது.

எழுபத்தேழில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வால்டரும் அவன் அக்காள் கேதரினும் பெண் பார்க்க வந்தார்கள். கூலிமிலிருந்து ஹெர்பர்ட் வந்திருந்தான். வாசலில் பிச்சையம்மாள் தலைமையில் ஏழெட்டுப் பெண்கள். அதே வாரம்தான் பக்கத்துத் தோட்டத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை துப்பாக்கிக்காரர்கள் இங்கே வருகிறார்கள் என்று ஆபீஸ் கிராணி சொல்லியிருந்தார்.

கேதரின் நேராக விஷயத்துக்கு வந்தாள். "சுத்தி வளச்சுப் பேச எனக்குத் தெரியாதும்மா. உனக்கு வலிப்பு இருக்குன்னு பஸ்ஸுல ஒருத்தவங்க சொன்னாங்க. நெசமா?"

இந்தக் கேள்விக்கு அகத்தா ஒரு வாரமாகப் பதில் தயாரித்து வைத்திருந்தாள். நாயைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. தன்னையும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

"முன்ன இருந்துச்சுக்கா. மாத்திர சாப்புட்டு நல்லாயிருச்சு. நான் விழுந்து பாத்தவங்க இந்த லயத்துல ஒருத்தர் இருந்தாச் சொல்லச் சொல்லுங்க."

"அது நெசந்தாங்க," என்றாள் பிச்சையம்மாள் வாசலிலிருந்து. "நான் பக்கத்து வீடு. ஒரு நாளும் விழுந்ததில்ல. எந்நேரமும் சாமி பாட்டுத்தான்."

கேதரினின் முகம் இளகியது. வால்டர் தரையைப் பார்த்துச் சிரித்தான். "நாந்தான் சொன்னேன்லக்கா." ஹெர்பர்ட் முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். அகத்தாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இரண்டும் கிடைத்துவிட்டது.

"இன்னொரு கிளாஸ் தே கெடைக்குமாம்மா?" என்று கேட்டுக்கொண்டே கேதரின் எழுந்தாள். "நீ உக்காரு, உக்காரு. நானே கலக்கிக்கிறேன். இனிமே நம்ம வீடுதான."

அகத்தா குசினிப் பக்கம் பார்த்தாள். அடுப்படியில் மேஜர் உதட்டை நக்கியபடி, வெறும் சுவரை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றது. வலிப்புக்கு முன்னால் அது அப்படித்தான் நிற்கும். கேதரின் குசினி வாசலுக்கு மூன்றடி தூரத்தில் இருந்தாள். பாட்டுப் பாடித் தப்பிக்கிற நேரமில்லை இது. உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்தால் போதும். அவள் போடுகிற சத்தம் லயம் முழுக்கக் கேட்கும், செவ்வாய்க்கிழமை வரைக்கும் யாரும் காத்திருக்கமாட்டார்கள்.

அகத்தா ஒருமுறை வால்டரைப் பார்த்தாள். பிறகு எழுந்து இரண்டே எட்டில் கேதரினைத் தாண்டிப் போய், குசினி வாசலுக்குக் குறுக்கே மரம் சாய்வதுபோல விழுந்தாள்.

புதுப் புடவையோடு விழுந்தாள். கழுத்து பின்னால் வளைந்தது, பல் கிட்டியது, கால்கள் உதைத்தன, கடைவாயில் எச்சில் நுரைத்தது. மண்டியிட்டு உட்கார்ந்து இத்தனை வருடம் பக்கத்திலிருந்து பார்த்தது, ஒன்றுகூடப் பிசகவில்லை. "ஐயோ, இரும்பு! இரும்பு குடுங்க!" என்று பிச்சையம்மாள் அலறினாள். ஹெர்பர்ட் தன் மோட்டார்சைக்கிள் சாவியை அகத்தாவின் கைக்குள் திணித்தான். கேதரின் குசினியை மறந்து பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். வாசலில் நின்ற பெண்கள் ஒருசேரக் கூச்சலிட்டார்கள். வால்டர் மட்டும் தரையில் உட்கார்ந்து, டயர்க்கரி போகாத கைகளால் அவள் தலையைத் தாங்கிக்கொண்டு, "அகத்தா, அகத்தா" என்று அழுதான். பாதி மூடிய இமை வழியாக அந்த முகம் அவளுக்குத் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் துணிந்து விழுந்தவள், அந்த முகத்துக்குத் துணிந்திருக்கவில்லை.

அவளுக்குப் பின்னால், குசினியில், மேஜர் தொப்பென்று சாயும் சத்தம் கேட்டது. அகத்தா சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை உடம்பை முறுக்கி உதறினாள். உதறிய வேகத்தில் குதிகாலால் குசினிக் கதவை எட்டி உதைத்துச் சாத்தினாள்.