செமாட்டை எடு

பூட்டுக்காரரின் தாடையில் நுரை தடவி, வலக்கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அவர் மனைவி சவரம் செய்துகொண்டிருந்தாள். பக்கவாதம் வந்த பக்கத்தில் தோல் தொய்ந்திருக்கும். இழுத்துப் பிடிக்காவிட்டால் பிளேடு வெட்டிவிடும்.

"அந்தச் செமாட்டை எடு," என்றார் அவர்.

செமாடு என்று உலகத்தில் ஒரு பொருளும் கிடையாது. அவள் குத்துமதிப்பாகத் தண்ணீர் டம்ளரை நீட்டினாள். குடித்தார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஆயுளில் பாதியைக் கடைத்தெருவில் அரத்தால் சாவி ராவியே கழித்தவர். வாய் ஓயாது. "நான் திறக்காத பூட்டு இல்ல, என் பொண்டாட்டி வாய்க்குப் போடத்தான் இன்னும் ஒண்ணு கிடைக்கல" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். நோய்க்குப் பிறகும் பேச்சு நிற்கவில்லை, சொற்கள்தான் போயின. வருவதெல்லாம் அவரே உண்டாக்கியவை. ஆனால் செமாடு என்றால் அடுத்து செமாட்டை என்பார். கிசலம் என்றால் கிசலத்தை. ஒரு தடவைகூட செமாடை, கிசலமை என்று தடுமாறியதில்லை.

பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணிடம் ஓடிப்போய் அதைத்தான் சொன்னாள். "புத்தி போயிருந்தா இவ்வளவு சுத்தமா வருமா கண்ணு? ஆள் உள்ளதான் இருக்காரு."

அந்தப் பெண்ணுக்கு ஒப்புக்குப் பேசத் தெரியாது. "அம்மா, வீடு வீட்டை ஆகுது, மரம் மரத்தை ஆகுது. சொல்லு எந்தச் சத்தத்துல முடியுதுன்னு பார்த்து நாக்கு தானா மாத்திக்கும். அதுக்கு அர்த்தமே வேண்டாம். இருட்டுல நம்ம வீட்டுப் படியில கால் தானா இறங்குதில்ல, அது மாதிரி." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை பார்ப்போம். சொன்ன பொருளை எடுத்தார்னா பயிற்சி தொடரும். இல்லேன்னா காத்திருக்கிற வேற ஒருத்தருக்கு இடம் போயிடும்."

அவள் வீம்புக்காரி. அவர் நம் பேச்சுக்கு வராவிட்டால் போகிறது, நாம் அவர் பேச்சுக்குப் போவோம் என்று முடிவு கட்டினாள். செமாடு தண்ணீர், கிசலம் துண்டு. பாத்திரம் தேய்க்கும்போதுகூட முணுமுணுத்தாள்.

நாத்தனார் கேட்டுவிட்டாள். "என்ன அண்ணி, அண்ணனுக்கு வந்தது உங்களுக்கும் ஒட்டிக்கிச்சா?"

வெள்ளிக்கிழமை, மேசைமேல் டம்ளர், துண்டு, சாவி. "ஐயா, தண்ணியை எடுங்க," என்றாள் பயிற்சிப் பெண். அவர் ஜன்னலைப் பார்த்தார். இன்னொரு தடவை சொன்னாள். ஜன்னலையே பார்த்தார்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. அவர் காதருகே குனிந்தாள். "என்னங்க, செமாட்டை எடுங்க."

அவர் திரும்பினார். வெளியூர்க்காரி எவளோ புரியாத பாஷையில் வழி கேட்டதுபோல மரியாதையாகச் சிரித்தார். "தொவாட்டையா? தொவாட்டுக்கு இப்ப என்ன?" என்றார்.

அன்றைய சொல் அது. முந்தாநாள் சொல் முந்தாநாளோடு போயிற்று. சொல்லின் வால் மட்டும் பிசகவில்லை. டம்ளர் அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"மன்னிச்சுக்கோங்கம்மா," என்றாள் பயிற்சிப் பெண்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். அவள் உம் கொட்டவில்லை.

மறுநாள் காலை அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, சவரம் செய்தாள். ஏதோ கேட்டார். என்னவென்று அவள் விசாரிக்கவில்லை. டம்ளரை இடக்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். குடித்தார். வாயைத் துடைத்து, அவரை ஒருபக்கமாகத் திருப்பி, ஈர விரிப்பை உருவிக்கொண்டு போய் ஊறவைத்தாள்.