அம்மாவின் காலில் நான் போட்ட பத்து

எழுபதுகளின் கடைசியில் பிள்ளைச்சாவடியில் எங்கள் தெருப் பெண்களுக்குக் காலில் எது வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். அம்மாவும் அவர்களும் தலையில் மீன்கூடையோடு நெல்லித்தோப்பு மார்க்கெட் வரை வெறுங்காலில் நடந்தவர்கள். விரலிடுக்கில் சேற்றுப்புண் என்றால் மருதாணி அரைத்து அப்புவேன்; மூன்றாம் நாள் காய்ந்துவிடும். பித்தவெடிப்புக்கு விளக்கெண்ணெயில் குழைத்த மஞ்சள். எல்லாம் பலித்ததால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு புரட்டாசியில் அம்மாவின் கட்டைவிரலடியில் கிளிஞ்சல் கிழித்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பத்துப் போட்டுக் கட்டினேன். நான்காம் நாளே, "வலியே இல்லடி, உன் கைராசி அப்படி" என்று கூடையைத் தூக்கினாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. பழைய பத்தின் மேலேயே புதுப் பத்து போட்டுக்கொண்டிருந்தேன். அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. வீட்டில் ஒரு வாடை அடித்தது. மீன் விற்கிற வீட்டில் வாடையை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்?

பிறகு புயல் காற்று. ஐந்து நாள் கட்டுமரம் இறங்கவில்லை. கூடையைக் கழுவிக் கவிழ்த்தோம், சீயக்காய் தேய்த்துக் குளித்தோம், வெறும் புளிக்குழம்பு வைத்தோம். ஆறாம் நாளும் வாடை போகவில்லை. அம்மாவின் காலருகே குனிந்தேன். அங்கிருந்துதான் வந்தது. வெந்நீரில் நனைத்துப் பத்தை உரித்தால், உள்ளே சதை கறுத்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"காலை வெட்டிடுவாங்கடி. நீயே இன்னொரு தபா கட்டு, சரியாப் போயிடும்."

"கட்ட மாட்டேன். எந்திரிம்மா."

அழுதாள், திட்டினாள். நான் விடவில்லை. கைத்தாங்கலாக ரோட்டுக்குக் கொண்டுவந்து பஸ் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டுச் சர்க்கரை வியாதி என்றார்கள். டாக்டர் ஓர் ஊசியை எடுத்து, "பாதத்துல குத்திப் பாக்கணும்மா, வலிச்சா சொல்லுங்க" என்றார். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "குத்துங்க சார், பயமில்ல" என்றாள். அவர் அதற்குள் நான்கு இடத்தில் குத்தி முடித்திருந்தார்.

இரண்டு விரல்கள் போயின, கால் தப்பியது. எண்பதுகளிலும் சேற்றுப்புண்ணுக்கு மருதாணி அரைத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் புண்ணோடு வந்து வலியே இல்லை என்று யார் சொன்னாலும், அவர்கள் கத்தினாலும் சரி, கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.