எழுமலையில் ஒரு கடுவன்

காலை ஏழு மணிக்கு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். விளாங்குடி வீட்டில் என் நாய் மின்னி பருவத்துக்கு வந்திருந்தாள். மூன்று வயது ராஜபாளையம். டாக்டர் பார்த்து, ஈனலாம் என்று சொல்லியாயிற்று. நாலைந்து நாளுக்குள் இணைசேர நல்ல கடுவன் நாய் ஒன்று கிடைக்க வேண்டும். தவறினால் ஆறேழு மாதம் போய்விடும். சுத்த வெள்ளை ராஜபாளையத்தில் செவிடு உண்டு; எங்கள் தெருவில் ஒருவர் வாங்கிய குட்டிக்குக் காது கேட்காது. திண்டுக்கல் ரோட்டில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே அதன்மேல் ஏறியது. அன்றிலிருந்து எனக்கு ஒரே நிபந்தனை: காது கேட்கிற கடுவன்.

உசிலம்பட்டி தாண்டியதும் மேற்கே மலை நீலமாய் எழுந்து கூடவே வந்தது. எழுமலையில் இறங்கினேன். கடுவன் இருப்பதாகக் கேள்விப்பட்ட தோட்டத்துக்கு ஆட்டோ நூறு ரூபாய்.

பத்து மணி. கடுவன் வாசலில் ரோட்டைப் பார்த்து நின்றான். பால் வெள்ளை. வெயிலே நாலு கால் முளைத்து நிற்கிற மாதிரி. சொக்கித்தான் போனேன்.

"ஒரு பொட்டு மறு கெடையாதுக்கா. சுத்த ரத்தம்," என்றார் சொந்தக்காரர். "நீங்க எந்தப் பக்கம்?"

"விளாங்குடி."

"அதுக்கு முந்தி?"

என்ன கேட்கிறார் என்று தெரியும். பிறந்த ஊரைச் சொன்னேன். ஊருக்கு வெளியே இருந்த எங்கள் தெருவின் பெயரையும் சேர்த்தே சொன்னேன்.

டீ வந்தது. அவருக்கு எவர்சில்வர் டம்ளர், எனக்குப் பேப்பர் கப்.

"சரி, நாய் விசயந்தானே. பொட்டையக் கொண்டாந்து விடுங்க. ஈத்துல ஒரு குட்டி எனக்கு."

அவர் குடித்து வைத்த டம்ளரைக் கையில் எடுத்தேன். அவர் முகம் சுண்டியது. கடுவனுக்குப் பின்னால் போய் வீட்டுச் சாவியால் டம்ளரை ஓங்கித் தட்டினேன். மாமரத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பின. கடுவனின் காது மடல்கூட அசையவில்லை. மறுபடி தட்டினேன். ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான், பாவம்.

"காது கேக்கலண்ணே. குட்டிகளுக்கும் வரும். வேணாம்."

"எம்புட்டுப் பேரு கேட்டு நிக்கிறாக தெரியுமா? உங்களுக்குக் குடுக்குறதே பெருசு."

"அவுகளுக்கும் குடுக்காதீக."

டம்ளரை அவர் பக்கத்தில் வைத்தேன். என் டீ ஆடை கட்டிக் கிடந்தது.

ஆட்டோக்காரத் தம்பி காத்திருந்தார். மலை இப்போது முதுகுப் பக்கம். நாளைக்குக் கொட்டாம்பட்டிப் பக்கம் போய்ப் பார்க்கலாம். அங்கேயும் அமையாவிட்டால் மின்னியும் நானும் அடுத்த பருவம்வரை இருப்போம். அழகுக்காக ஒரு செவிட்டுக் குட்டியை ரோட்டுக்கு அனுப்ப மாட்டேன்.

"என்னக்கா, தரமாட்டேன்னுட்டாரா?"

"நான்தான் வேணாம்னுட்டேன் தம்பி."

வண்டி மெதுவானது. கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அந்த வீட்டுலயா?"

"அந்த வீட்டுலதான்."