பேயைக் கும்பிட்ட மத்தியானம்

நாடு சுதந்திரம் அடைந்த அன்று பாவாடை கட்டிக்கொண்டு கொடி ஆட்டிய என் தங்கை, கல்யாண வயதுக்கு வந்திருந்த காலம் அது. பெண் பார்க்க வந்தவர்கள், "நல்ல பொண்ணுதான், நிறந்தான் கொஞ்சம் கம்மி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு அவள் காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டைவிட்டுக் கோயிலுக்குக்கூட வரவில்லை. அடுத்து, பக்கத்திலிருக்கும் புக்கிட் பாருவிலிருந்து ஒரு வரன் வருவதாக இருந்தது. "இனிமே யார் முன்னாலயும் வந்து நிக்கமாட்டேன்" என்றாள். கறுப்பா, நீதான் வழிகாட்டணும் என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டேன்.

சாமி காட்டிய வழி படக் கொட்டகைக்குப் போனது. டவுனில், ரத்தம் குடிக்கும் பேயைப் பற்றி ஓர் அமெரிக்கப் படம். நடித்தவர்கள் எல்லாருமே கறுப்பர்கள்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா பேயப் பாக்கவா கூட்டிட்டுப் போறீங்க?" என்றாள் என் மனைவி.

"விபூதி பூசிக்கிட்டுத்தானே போறோம்!"

தங்கையை இழுக்காத குறையாக மத்தியான ஆட்டத்துக்குக் கூட்டிப்போனேன். காசில்லாமல் எடுத்த படம். வௌவால் பறந்தால் கயிறு தெரிந்தது. ரத்தம் மலாய்க்காரர் கடைச் சிராப் தண்ணி மாதிரி ரோஸாக ஓடியது. சவப்பெட்டி திறந்தால் சுவரும் சேர்ந்து ஆடியது. ஆனால் பெட்டிக்குள்ளிருந்து எழுந்தாரே அவர்! நல்ல கறுப்பு, நெடுநெடு உயரம், உருட்டும் கண், தோளில் கறுப்பு அங்கி. எங்கள் கறுப்பண்ணசாமி குதிரையை வெளியே கட்டிவிட்டு உள்ளே வந்த மாதிரியே இருந்தது. என்னை அறியாமல் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

"அண்ணே! பேயப் போயிக் கும்பிடுறீங்களே! உக்காருங்க, மானம் போவுது!"

சட்டையைப் பிடித்து இழுத்தவள் சிரிக்க ஆரம்பித்தாள். மடியிலிருந்த கச்சான் கடலைப் பொட்டலம் சிதறியது. எத்தனை மாதத்துச் சிரிப்போ!

அந்தப் பேய் ஊரெல்லாம் தேடி ஒரு பெண்ணிடம் மயங்கி நின்றது. "அண்ணே, அவ என் கலருதான்" என்று காதில் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, "என்ன அழகு, பாத்தீங்களா?" பூண்டைக் கண்டு பேய் மிரண்டபோது, "நம்ம வீட்டு ரசத்துக்கே செத்துரும்!" என்று கத்தினாள். பின்வரிசையில் கைதட்டல். கடைசியில் வெயில் பட்டுப் பேய் கருகிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார். அந்தக் கொளுத்துகிற வெயிலில் கறுப்புக் கோட்டு! பவுடர் பூசாத முகத்தோடு காப்பித் தட்டை ஏந்தி வந்த தங்கை, அவரைப் பார்த்ததும் உதட்டைக் கடித்தாள். தட்டு கிலுகிலுத்தது. நான் சிரிப்பை அடக்கச் சாமி படத்தைப் பார்த்தேன்.

"வெயில்ல வந்திருக்கீங்களே, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையா?" என்று கேட்டேவிட்டாள்.

கூடமே திகைத்தது. மாப்பிள்ளை தன் கோட்டைக் குனிந்து பார்த்தார்.

"ஒண்ணும் ஆகல. காப்பியில பூண்டு மட்டும் போட்டுறாதீங்க."

அவரும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தார்!

கல்யாணம் முடிந்ததும் கறுப்பண்ணசாமிக்குச் சுருட்டுப் படைத்தேன். பக்கத்தில் இன்னொரு சுருட்டும் வைத்தேன். அது யாருக்கென்று சாமிக்குத் தெரியும்.