கம்மல் டப்பாவில் ஊற்றிய களிம்பு

மார்கழி பிறந்து வாடை அடிக்கத் தொடங்கிவிட்டால் எங்கள் அச்சங்குளத்தில் எல்லோருடைய தோலும் சாம்பல் பூத்துவிடும். முழங்கையில் நகத்தால் கீறினால் வெள்ளை வெளேரென்று எழுத்து விழும். வகுப்பில் நாங்கள் ஒருவர் கையில் ஒருவர் பெயர் எழுதி விளையாடுவோம். வருஷமெல்லாம் வெடி செய்கிற ஊரில் அந்த இரண்டு மாதம் குதிகாலும் சேர்ந்து வெடிக்கும்.

என் குதிகால் மட்டும் வெடிக்காது. காரணம் என் அத்தை. அப்பாவின் தங்கையான அவள் எங்களோடுதான் இருந்தாள். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை. காலையில் கம்பெனி வேனில் போனால் பொழுது சாய வருவாள். அம்மாவும் அப்பாவும் பட்டாசு ஆலையிலிருந்து வந்து அலுப்பாக உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே என் சடை, வீட்டுப்பாடம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு நான் போடும் சண்டை எல்லாமே அத்தையின் பொறுப்பு. அவள் என்னுடையவள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

பனி தொடங்கியதும் சாத்தூர் நாட்டு மருந்துக் கடையிலிருந்து தேன்மெழுகு வாங்கி வருவாள். அதைக் கத்தியால் சீவி, தேங்காய் எண்ணெயோடு ஒரு கிண்ணத்தில் போட்டு, கொதிக்கிற தண்ணீருக்குள் அந்தக் கிண்ணத்தை இறக்குவாள். மெழுகு கரைந்து எண்ணெயோடு சேரும்வரை கிண்டிக்கொண்டே இருப்பாள். பிறகு ஒரு சொட்டைத் தட்டில் விட்டு, இறுகுகிறதா என்று தொட்டுப் பார்ப்பாள். வேப்பெண்ணெயும் விட வேண்டும். எனக்கு அந்த வாடை ஆகாது என்று என் களிம்பில் மட்டும் விடமாட்டாள். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துத் தேய்த்துவிடும்போது, ஊரில் எந்தப் பிள்ளைக்கும் கிடைக்காதது எனக்குக் கிடைக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

நான் நான்காவது படித்த வருஷம் அத்தை கிண்ணம் நிறையக் காய்ச்சினாள். என் பங்கை வழக்கம்போலப் பழைய பவுடர் டப்பாவில் ஊற்றினாள். மிச்சத்தில் வேப்பெண்ணெய் விட்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டி, ரோஸ் நிறத்து வட்ட டப்பா ஒன்றில் ஊற்றினாள். அது அவள் கம்மல் வாங்கியபோது நகைக்கடையில் கொடுத்தது. நான் எத்தனையோ தடவை கேட்டும் தராமல் பெட்டிக்குள் வைத்திருந்தது.

"இது ஆருக்கு?"

"பிரஸ்ல மிஷின் ஓட்டுறவுக ஒருத்தருக்கு. மை போக மண்ணெண்ணெயில கையக் கழுவிக் கழுவி வெரலெல்லாம் பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு, பாவம்."

"அவுகளுக்கு அத்தை இல்லையா?"

அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. என் களிம்பை ஒரு வருஷமும் அவள் வடிகட்டியதில்லை. அதில் மெழுகுத் துணுக்கும் தூசியும் கிடக்கும். முகம் தெரியாத ஒரு மிஷின்காரருக்கு வெள்ளைத் துணி, கம்மல் டப்பா. போதாததற்கு, களிம்பு இறுகி வரும்போது விரல் நுனியால் மேலே ஒரு சுழி வேறு போட்டாள்.

அன்றிலிருந்து நான் களிம்பு போட்டுக்கொள்வதில்லை என்று முடிவு செய்தேன். அத்தை கெஞ்சினாள், திட்டினாள். நான் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டேன். "போட்டுக்கிடாட்டிப் போ. வெடிச்சு நொண்டுவ, அப்பத் தெரியும்" என்றாள் அம்மா. அத்தை பார்த்து வருந்த வேண்டும் என்பதற்காகவே செருப்பில்லாமல் கரிசல் காட்டில் திரிந்தேன். தை பிறப்பதற்குள் என் குதிகால், மழை காணாத கண்மாய்போல் ஆகிவிட்டது.

தை கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போனோம். அத்தைக்கு அன்று கோயிலுக்கு வர முடியாத நாள், வீட்டிலேயே இருந்துவிட்டாள். சாத்தூர் வரை பஸ். அங்கிருந்து நேர்த்திக்கடனுக்காக நடை. ஆற்று மணலில் கால் வைத்ததும் என் குதிகாலில் ரத்தம் கசிந்தது. கூட்டத்துக்குள் என்னால் நடக்க முடியவில்லை. அம்மா என்னை ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, எதிரே பந்தலில் தண்ணீர் வாங்கப் போனாள். அப்பா மாவிளக்குச் சாமான்களோடு அங்கேதான் நின்றிருந்தார்.

நெடுநெடுவென்று ஒருவர் வந்து என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அச்சங்குளம்தானே பாப்பா? ஒன் போட்டோவ ஒங்க அத்தை செல்லுல பாத்திருக்கேன். அவுக வரலையா?"

"வரல."

அவர் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். முகம் சட்டென்று வாடிவிட்டது. பிறகுதான் என் காலைக் கவனித்தார். "என்னம்மா இது, இம்புட்டு ரத்தம்?" என்று கேட்டவர், ஏதோ யோசித்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்தார். ரோஸ் நிறத்து வட்ட டப்பா.

எனக்குக் காது சுட்டது. அவர் மூடியைத் திறந்தார். டப்பா நிறையக் களிம்பு, அத்தை போட்ட சுழிகூட அப்படியே இருந்தது. அவர் விரல்களோ வெடித்து, வெடிப்புக்குள் கறுப்பு மை ஏறிக் கிடந்தன. அந்தச் சுழிக்கு மேலே அவர் விரல் கொஞ்ச நேரம் தயங்கி நின்றது. பிறகு ஒருவழியாக அள்ளி, என் இரண்டு குதிகாலிலும் மெதுவாகத் தடவினார். வேப்பெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. காந்தல் அடங்கியது. அதை நான் வெளியே சொல்லவில்லை.

தண்ணீரோடு அம்மாவும் பின்னாலேயே அப்பாவும் வந்தார்கள். அப்பா அவரிடம் நன்றி சொன்னார். அதோடு நிறுத்தாமல் எந்த ஊர், தாய் தகப்பன் என்ன செய்கிறார்கள், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டே போனார். கால் தேய்த்துவிட்ட ஒருவரிடம் இவ்வளவு விசாரிப்பானேன் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அம்மா அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் திரும்பும் வழியெல்லாம் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தையிடம் நொண்டிக்கொண்டே ஓடினேன்.

"ஒன் மிஷின்காரரப் பாத்தேன். நீ குடுத்த களிம்ப அவுக தொடக்கூட இல்ல. டப்பா நெறய அப்படியே இருக்கு!"

அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"நெசமாவா?"

"சாமி சத்தியமா. நீ போட்ட சுழிகூட அழியல. எனக்குத்தான் மொதமொதல்ல எடுத்தாக."

"அதப் பையிலயா வச்சிருந்தாக?"

"ஆமா. சட்டைப் பையில."

அவள் கண் கலங்கியது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் அவள் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "இன்னொருக்கச் சொல்லு" என்றாள். சொன்னேன். மறுபடியும் கேட்டாள். ஒவ்வொரு தடவையும், அவர் அதைத் தொடவே இல்லை என்ற இடத்தை நான் அழுத்தி அழுத்திச் சொன்னேன். அதே இடத்தில்தான் அவள் முகத்தில் சிரிப்பு பொங்கிப் பொங்கி வந்தது.

அடுத்த வாரமே மறுபடியும் அடுப்பில் கிண்ணம் ஏறியது. இந்த முறை பெரிய டப்பா. வைகாசியில் அத்தைக்கும் அவருக்கும் கல்யாணம் நடந்தது. அவள் சிவகாசிக்குப் போன அன்று நான் வேன் கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கொடுத்த மருந்தைத் தன் கையில்கூடப் போட்டுக்கொள்ளாத ஒருவரோடு, வருஷா வருஷம் அவள் மடியில் காலை நீட்டி உட்கார்ந்து அதைப் போட்டுக்கொண்ட என்னை விட்டுவிட்டு இவள் எப்படிப் போகிறாள் என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.