நான்கு பேர் ஒரே நேரத்தில் தூங்க ஒரு கூடாரம்

2016 மே மாதக் கடைசியில், நெய்வேலி டவுன்ஷிப்பில் உள்ள எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து 29 கிலோமீட்டர் தள்ளி ஒரு முந்திரித் தோப்பில் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கினோம். இருபத்தொன்பது கிலோமீட்டருக்கு ஒரு பயணக் கட்டுரையா என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு முதல் தடவையாகக் கூடாரத்தில் தங்க ஆசைப்படுகிறவர்கள் மட்டும் மேலே படியுங்கள். எங்களுடன் வந்தவர்கள் ஆறு வயது மகள் கயல், மூன்று வயது மகன் முகில். இருவரும் இல்லாமல் போயிருந்தால் எழுதுவதற்கு இவ்வளவு விஷயம் கிடைத்திருக்காது.

ஏன் போனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் ராஜவேல் சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்பில் இருக்கிறார். ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் வாரத்தில் காலையில் வந்து படுப்பார். ஜன்னலில் கனமான கறுப்புத் துணி தொங்கும், நாங்கள் மூவரும் நுனிக்காலில் நடப்போம், குக்கர் விசில்கூடப் பயந்து பயந்துதான் அடிக்கும். இரண்டாம் ஷிப்டில் அவர் வீடு வரும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். முதல் ஷிப்டில் பிள்ளைகள் எழுவதற்குள் அவர் கிளம்பியிருப்பார். லீவு விட்டால் நாத்தனார் வீட்டுக்குப் போவோம். அங்கே ஆண்கள் மொட்டை மாடியிலும் நாங்கள் கீழே ஹாலிலும் படுப்போம். எல்லா அப்பாக்களும் பகலில்தான் தூங்குவார்களா என்று கயல் ஒருநாள் சாதாரணமாகக் கேட்டாள். எனக்குச் சாதாரணமாக இல்லை. நாங்கள் நான்கு பேரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் தூங்கி, ஒன்றாக எழுகிற இரண்டு நாள் எனக்கு வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

கூடாரம் வாங்குவதில்தான் சண்டை ஆரம்பித்தது. எனக்கு நாலு பக்கமும் கொசுவலை வைத்த, காற்று வருகிற கூடாரம் வேண்டும். அவருக்கு இருட்டு வேண்டும். “நைட் ஷிப்ட் முடிச்ச கையோட கிளம்புறோம் மீனா. எனக்கு இருட்டு இருந்தாத்தான் தூக்கம் வரும். உங்களையெல்லாம் தூங்க வச்சிட்டு நான் மட்டும் கொட்டக் கொட்ட முழிச்சிட்டு இருக்கவா?” என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் இரண்டும் உள்ள ஒன்றை இணையத்தில் பிடித்தோம். உள்ளே வலை அறை, அதன்மேல் போர்த்துவதற்கு வெளிச்சமே புகாத அடர்நீல மேலுறை. விலை 7,800 ரூபாய், எடை 9 கிலோ. ஆறாவது நாள் வீட்டுக்கு வந்தது.

வந்த மறுநாள் காலை எட்டு மணிக்கு, நைட் ஷிப்ட் முடித்து வந்த அலுப்போடு, வீட்டு முன்னால் மாமரத்தடியில் அவர் அதைப் போட்டுப் பார்த்தார். டவுன்ஷிப்பில் இதை ரகசியமாகச் செய்ய முடியாது. பத்து நிமிடத்தில் தெருவே கூடிவிட்டது. சர்வே பிரிவில் இருக்கும் எதிர்வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்து மட்டம் பார்த்து, கிழக்குப் பக்கம் ஒரு அங்குலம் இறக்கம் என்று அறிவித்தார். கயிறு போதாது என்றார் ஒருவர், இரும்புக்குழாய் நட வேண்டும் என்றார் இன்னொருவர். என் கணவர் எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு, மேலுறையை இழுத்துக் கட்டி, உள்ளே போய்ப் படுத்தார். மதியம் இரண்டரைக்குத்தான் வெளியே வந்தார். “ஃபர்ஸ்ட் கிளாஸ். டெஸ்ட் ஓகே” என்றார்.

நாங்கள் செய்த பெரிய தப்பு அதுதான். எட்டு மணி நேரம் கன்வேயர் இரைச்சலில் நின்றுவிட்டு வந்த மனுஷனைக் கரி மூட்டைமேல் கிடத்தினாலும் தூங்குவார். அவரை வைத்துக் கூடாரத்தைச் சோதித்தோம். பிள்ளைகளை உள்ளே விட்டே பார்க்கவில்லை. அப்பா தூங்குகிறார் என்று நானேதான் அவர்களைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பியிருந்தேன். ஷிப்ட் வீட்டுப் பழக்கம், யோசிக்காமலே வந்துவிடுகிறது.

ஒரு சனிக்கிழமை காலை 8:40-க்குப் பண்ருட்டி பஸ் பிடித்தோம். பெரியவர்களுக்குத் தலா 14 ரூபாய். கூடாரப் பையைப் பார்த்த நடத்துனர், “இன்னா சார் இது, சாமியானாவா?” என்றார்.

“கூடாரங்க. தங்குறதுக்கு.”

“ஏன் சார், வூடு இல்லீங்களா?”

பஸ்ஸே சிரித்தது. வழியில் வடக்குத்து கிராமம் தாண்டும் வரை எங்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் ஆளாளுக்கு விசாரித்துக்கொண்டு வந்தார்கள். முகில் எல்லோரிடமும், “நாங்க காட்டுக்குப் போறோம்” என்று சொல்லிக்கொண்டே வந்தான். லக்கேஜுக்கு ஒரு டிக்கெட் தனி. 9:35-க்குப் பண்ருட்டி. அங்கே நல்ல பலாப்பழ சீசன். பஸ் நிலையத்தை ஒட்டிய கடைகளில் மலை மலையாகக் குவித்திருந்தார்கள், இறங்கும்போதே மணம் மூக்கில் ஏறியது. அங்கிருந்து தோப்பு 7 கிலோமீட்டர், ஆட்டோ 150 ரூபாய். 10:20-க்குப் போய்ச் சேர்ந்தோம்.

தோப்பு தனபால் அண்ணனுடையது. என் கணவரின் பிரிவிலேயே கான்ட்ராக்டில் வேலை செய்கிறவர், மூன்று ஏக்கர் முந்திரி வைத்திருக்கிறார். அறுவடை அநேகமாக முடிந்திருந்தது. செம்மண், அதன்மேல் கணுக்கால் வரை காய்ந்த சருகு. புயலில் சாய்ந்து, படுத்தபடியே மறுபடி துளிர்த்துவிட்ட ஒரு பெரிய மரம் இருந்தது. அதன் அடிமரம் இரண்டடி உயரத்தில் நீண்டு கிடக்க, பிள்ளைகள் வந்ததும் அதன்மேல் ஏறிக் குதிரை ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். இருநூறு மீட்டரில் தனபால் அண்ணன் வீடு, கழிப்பறைக்கு அங்கே போகலாம். கிணறும் மோட்டாரும் பக்கத்திலேயே. பிள்ளைகளோடு போகிற முதல் பயணத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

11:15-க்குள் கூடாரம் எழுந்துவிட்டது. புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டோம். ஒன்றரை மணிக்கு, “வாங்கடா, எல்லாரும் ஒண்ணாப் படுப்போம்” என்று உற்சாகமாகக் கூப்பிட்டுவிட்டு என் கணவர் முதலில் உள்ளே போனார். நான் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

திரும்பி வரும்போது பிள்ளைகள் இருவரும் கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். முகில் தலையை உள்ளே நீட்டி, “இருட்டு” என்று சொல்லி அழுதுகொண்டே பின்வாங்கியிருக்கிறான். கயல் எட்டிப் பார்த்திருக்கிறாள். இருட்டான அறை, நடுவில் படுத்திருக்கும் அப்பா. அவளுக்கு வேறெதுவும் தெரிய வேண்டியதில்லை. தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து, ஜிப்பைச் சத்தம் வராமல் கொஞ்சம் கொஞ்சமாக மூடியிருக்கிறாள். முகில் காலை அசைத்ததும் சருகு நொறுங்கியது. “உஷ்! அப்பா தூங்குறாங்க” என்றாள். உடனே முகிலும் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, “உஷ்” என்றான்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவர் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். உள்ளே கையை நீட்டி இடம் போட்டுவைத்துக்கொண்டு பிள்ளைகளுக்காகக் காத்திருக்கிறார். ஜிப்பைச் சர்ரென்று திறந்தேன். “கேட்டுச்சா? இங்கயும் வந்து ‘உஷ்’னு உட்கார்றதுக்கு நம்ம வீடே போதும். நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிடலாங்க” என்றேன்.

அவர் எழுந்து வெளியே வந்தார். முகம் வியர்த்துக் கொட்டியிருந்தது. கயலைப் பார்த்தார், உதட்டிலிருந்து இன்னும் விரலை எடுக்காத முகிலைப் பார்த்தார். பிறகு குனிந்து மேலுறையின் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்துத் தனபால் அண்ணன் அரைப் பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். “இன்னா தம்பி, காலையில கட்டுனத இப்பவே கழட்டிகினு இருக்கற?”

“உள்ள இருட்டா இருக்குண்ணே. பசங்க வர மாட்டேங்குறாங்க.”

“மழ வந்தா இன்னா பண்ணுவ?”

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேற்கே லேசாகக் கறுத்திருந்தது. தனபால் அண்ணன் பழத்தை என்னிடம் கொடுத்தார். “இருங்க, முந்திரிக்கொட்ட காயவைக்கிற தார்ப்பா ஒண்ணு சும்மா கெடக்குது. எடுத்தாறேன்” என்று போனார்.

பதினெட்டுக்குப் பன்னிரண்டடித் தார்ப்பாய் அது. கூடாரத்தின் உச்சிக்கு மேலே இரண்டடி இடைவெளி விட்டு, கிளைகளில் சரிவாக இழுத்துக் கட்டினார்கள். “தண்ணி இந்தாண்ட வழிஞ்சி பூடும். காத்து அந்தாண்டயிருந்து வரும். வூட்டுக்குள்ள குந்தியிருக்கற மாரியே இருக்கும் பாருங்க” என்றார் அண்ணன். கீழே வெறும் வலை அறை மட்டும் நின்றது. முகில் அதை மூன்று முறை சுற்றி வந்து, நாலு பக்கமும் முகத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, செருப்போடு உள்ளே ஓடினான். கயல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போனாள். சிரித்தாள், விளையாடினாள், ஆனால் அப்பா படுத்திருக்கும்போது மட்டும் என் காதில்தான் பேசினாள். ஆறு வருஷப் பழக்கம் ஒரு மத்தியானத்தில் போகுமா?

மாலை 6:40-க்கு மழை வந்தது. இருபது நிமிடம் தார்ப்பாயில் தடதடவென்று கொட்டியது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. நாங்கள் வலைக்குள் உட்கார்ந்து பலாச்சுளை தின்றோம். பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இருபது நிமிடங்கள் அவை. இரவைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை, நான் நன்றாகத் தூங்கிவிட்டேன். என் கணவர் ஒரு மணி வரை புரண்டுகொண்டிருந்தாராம். ஞாயிறு காலை நாங்கள் எழுவதற்கு முன்பே அவர் எழுந்து கிணற்றடியில் நின்றிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. இருட்டுக்கு ஆசைப்பட்ட மனுஷனை இப்படிச் செய்துவிட்டோமே என்று எனக்குப் பாவமாக இருந்தது. கேட்டால், “உடம்புக்கு இன்னும் ராத்திரி எதுன்னு பிடிபடல, அவ்வளவுதான்” என்றார். அன்று பகலில் அவர் படுக்கவே இல்லை. பிள்ளைகளோடு சாய்ந்த மரத்தில் ஏறினார், கிணற்றுத் தொட்டியில் குளித்தார், பிள்ளைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு தோப்பைச் சுற்றினார்.

அடுத்த காலையைச் சொல்வதற்கு முன், கூடாரம் வாங்க நினைப்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘நான்கு பேருக்கு’ என்று போட்டிருந்தால் அது கைகால் ஆட்டாமல் தூங்கும் நான்கு பேருக்கு. முகில் மாதிரி கடிகார முள்ளாய்ச் சுற்றுகிற பிள்ளை இருந்தால் ஆறு பேருக்கானதை வாங்குங்கள். நம் ஊர் வெயிலுக்கு வலைதான் முக்கியம். மழைக்குத் தனியாக ஒரு தார்ப்பாயும் முப்பதடிக் கயிறும் போதும். ஜிப் பிள்ளைகளுக்குத் திறக்க வர வேண்டும், வாங்கும்போதே அவர்களை விட்டுத் திறந்து பாருங்கள். வீட்டு வாசலில் ஒத்திகை கட்டாயம், அதுவும் பிள்ளைகளை உள்ளே வைத்து. பெரியவர்கள் தூங்கியதெல்லாம் கணக்கில்லை. முந்திரித் தோப்புக்குப் போனால் பச்சைக் கொட்டையைப் பிள்ளைகள் கடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஓட்டின் பால் பட்டால் வாய் வெந்துவிடும். டார்ச் இரண்டு எடுத்துப் போங்கள். ஒன்றை எப்படியும் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

திங்கட்கிழமை காலை 5:50. மைனாக்கள் கத்துகிற சத்தத்தில் விழித்தேன். வலைக்கு வெளியே நன்றாக வெளுத்திருந்தது. என் கணவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் வெளிச்சம் விழுந்தும், கழுத்தின்மேல் முகிலின் கால் கிடந்தும் அசையவில்லை. கயல் எனக்கு முன்பே விழித்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அப்பா ராத்திரியில தூங்கிட்டாங்க” என்று என் காதில் சொன்னாள். கொஞ்சம் பொறுத்து, “எழுப்பலாமா?” என்று கேட்டாள்.

“எழுப்பு.”

எப்படி எழுப்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அவள் அப்பாவை எழுப்பியதே இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு விரலால் அவர் தோளை லேசாகத் தொட்டாள். கையை இழுத்துக்கொண்டாள். மறுபடி தொட்டு, “அப்பா, விடிஞ்சிடுச்சு” என்று மூச்சு விடுகிற மாதிரி சொன்னாள்.

அவர் விழித்துவிட்டார். எனக்குத் தெரிந்தது, உதட்டோரம் லேசாக அசைந்தது. ஆனால் கண்ணைத் திறக்கவில்லை.

“என்ன? கேக்கலையே” என்றார்.

கயல் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் எழுந்து முட்டி போட்டு, இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, முகில் திடுக்கிட்டு எழ, தோப்பின் அந்தக் கோடியில் தனபால் அண்ணன் வீட்டுக்கே கேட்கும்படி, “அப்பாஆ! விடிஞ்சிடுச்சுஉ!” என்று கத்தினாள்.